இருளினின்று எழுந்த பேராசான் வில்லியம் ஜேம்ஸ்

மனிதன் என்பவன் யார்? உடம்போ, உள்ளமோ, உயிரோ, இம்மூன்றும் கூடிய ஒன்றோ? இவ்வினாவிற்கு விடை காண விஞ்ஞானி உடலை அறுத்துப் பார்க்கின்றான். உளநூலான் எண்ணங்களை ஆராய்கின்றான். தத்துவ ஞானி தருக்கத்தைத் துணைக்கொள்ளுகின்றான். சமயி வழிபாட்டினால் உணர முயல்கின்றான். ஒரு கோயிலின் நான்கு வாயில்களிலும் நின்று உள்ளே நோக்கும் நால்வரைப் போல இவர்கள் நிற்கின்றனர். தாம் நிற்கும் வாயிலே வாயில், ஏனையவை வெறுஞ் சுவர் என்று ஒவ்வொருவரும் வாதிடுவதும் உண்டு. நான்கு வாயில்களாலும் புகுந்து பார்த்து, எந்த வாயிலையும் அடையாது திறந்தே வைத்த பெரியார் ஒருவர் அமெரிக்க நாட்டிலே வாழ்ந்தார். அவர்தாம் வில்லியம் ஜேம்ஸ்.

அவருடைய வாழ்க்கையை இங்கே எழுதப் புகுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மில் பலர் மிசன் பாடசாலைகளிலே கல்வி கற்றவர்கள். காலையிலே அங்கு வேதாகமம் கேட்டோம். மாலையிலே வீட்டில் தேவாரம் ஓதினோம். சர்வகலாசாலைக்கு வந்தபின் மூளையையும் நரம்பையும் பற்றிப் படிக்கின்றோம். இம்மூன்றும் ஒரே நெஞ்சில் எவ்வாறு ஒருங்கே குடியிருத்தல் கூடும் என்று நாம் மலைப்பதுண்டு. அம்மலைப்பு ஜேம்ஸ் என்பாருக்கு வெறுங் கல்விப் பிரச்சினையாக இருக்கவில்லை. உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. ஆதலின் அவர் கண்ட விடை நமக்கும் பயன்படும் என்பது எமது துணிபு.

பிறப்பும் குடும்பமும்

வில்லியம் ஜேம்ஸ் 1842ஆம் ஆண்டு தை மாதம் 11ஆம் நாள் நியூயோர்க் நகரிலே பிறந்தார். அவருடைய பாட்டனார் அயர்லாந்திலிருந்து வெறுங்கையோடு வந்து, வாணிபத்தினாலும் நிலத்தினாலும் பெருஞ்செல்வம் தேடியவர். தந்தையார் ஹென்றி ஜேம்ஸ் பதின்மூன்றாம் வயதிலே தீயணைக்கப் புகுந்து, கால் வெந்து, அதனை இழந்தவர். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தங்கியிருந்தபோது ஒருநாள் காரணமில்லாத பேரச்சம் ஒன்று அவரைப் பற்றிக்கொண்டது. நெடுநாள் வாடி, ஈற்றிலே சுவீடன் நாட்டு ஞானி சுவீடன்போர்க் என்பாரின் நூல்களிலே அவர் ஆறுதல் கண்டார். தந்தையைப் பற்றிய அந்த அச்சமே பின்னாளில் மைந்தனையும் பற்றியது.

தந்தையார் தம் மக்களை ஒரே பாடசாலையில் நிலைத்திருக்க விட்டாரல்லர். நியூயோர்க், இலண்டன், பாரிஸ், ஜெனீவா என ஊரூராக அழைத்துச் சென்று கற்பித்தார். பிள்ளைகள் பல மொழி அறிந்தனர். எத்தொழிலை மேற்கொள்வது என்பதை மட்டும் அறியாது வளர்ந்தனர். அவர்களுள் இரண்டாமவராகிய ஹென்றி உலகறிந்த நாவலாசிரியரானார். தங்கையார் அலிஸ் நோயிலே கிடந்து எழுதிய நாட்குறிப்பு பிற்காலத்திலே புகழ் பெற்றது. இளைய சகோதரர் இருவரும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலே வட மாகாணங்களின் படையிற் சேர்ந்து போரிட்டனர். மூத்தவராகிய வில்லியம் போருக்குச் செல்லவில்லை.

எப்பாதையில் செல்வது?

முதலில் ஓவியராக விரும்பி, 1860ஆம் ஆண்டிலே ஓர் ஓவியரிடம் மாணவராய் அமர்ந்தார். ஓராண்டுக்குள் அதனைக் கைவிட்டார். 1861இல் ஹாவார்ட் சர்வகலாசாலையிலே இரசாயனம் கற்கத் தொடங்கினார். அதிலிருந்து உடற்றொழிலியலுக்கும், 1864இல் வைத்தியத்திற்கும் மாறினார். அடுத்த ஆண்டு, இயற்கை நூல் அறிஞர் லூயி அகாசி என்பாரோடு மீன்களைச் சேகரிக்கப் பிரேசில் நாட்டிற்குக் கப்பலேறினார். அங்கே அம்மை நோய் அவரைத் தாக்கியது. அமேசன் நதிக் கரையிலே மீன்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், தாம் சேகரிப்பதற்குப் பிறந்தவரல்லர், சிந்திப்பதற்குப் பிறந்தவர் என்பதை அவர் உணர்ந்தார்.

முதுகு நோயும் கண்ணோயும் நித்திரையின்மையும் சேர்ந்து வருத்த, 1867இல் ஜேர்மனிக்குச் சென்றார். அங்கே நரம்பு மண்டலத்தைப் பற்றிய புதிய ஆராய்ச்சிகளைக் கேட்டறிந்தார். திரும்பி வந்து 1869இல் வைத்தியப் பட்டம் பெற்றார். ஆயினும் தம் வாழ்நாளில் ஒரு நோயாளிக்கேனும் தொழில் முறையாக வைத்தியம் செய்தாரல்லர். இருபத்தேழு வயது, பட்டம் உண்டு, தொழில் இல்லை, தந்தையின் வீட்டிலே நோயாளியாய்க் கிடந்தார்.

இருள் சூழ்ந்த காலம்

இக்காலத்திலே அவரை வாட்டிய நோய் உடலை மட்டும் சார்ந்ததன்று. அக்காலத்து விஞ்ஞானிகளிற் பலர் உலகம் ஓர் இயந்திரம், மனிதனும் அதிலே ஒரு சக்கரம் என்று கூறினர். மூளையின் அணுக்கள் அசைவதற்கேற்ப எண்ணம் எழுகின்றதாயின், நான் நினைத்தேன், நான் செய்தேன் என்று கூறுவதற்கு இடம் எங்கே? நன்மை செய்பவனுக்குப் பெருமை எங்கே? தீமை செய்பவனுக்குப் பழி எங்கே? மற்றவர்கள் இவ்வினாவை வகுப்பறையோடு விட்டுவிட்டுச் சென்றனர். ஜேம்ஸ் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்றார்; படுக்கைக்கும் எடுத்துச் சென்றார். உயிரை மாய்த்துக்கொள்ளலாமோ என்ற எண்ணமும் அவருக்கு எழுந்தது. 1870ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே, அவர் பெரிதும் மதித்த மைத்துனி மினி ரெம்பிள் என்பவர் இளவயதிலே காசநோயால் இறந்தமை அவரை மேலும் நோகச் செய்தது.

அக்காலத்து அனுபவம் ஒன்றை அவர் பின்னாளிலே எழுதினார். மாலை மங்கும் வேளையிலே தனித்து ஓர் அறையினுள் நுழைந்தபோது, திடீரெனத் தம் இருப்பைப் பற்றியே ஓர் அச்சம் இருளிலிருந்து எழுந்தாற்போல வந்து பற்றியது. அதே கணத்திலே, மனநோய் வைத்தியசாலையிலே முன்னர்க் கண்ட ஓர் இளைஞனின் உருவம் மனக்கண்ணில் தோன்றியது. முழங்கால்களை மடித்துக்கொண்டு, சுவரோரத்து வாங்கிலே நாள் முழுவதும் அசைவற்று அமர்ந்திருந்த அவனுடைய நிலை தமக்கும் வரக்கூடும் என்றும், அதனைத் தடுக்கத் தம்மிடம் யாதொன்றும் இல்லை என்றும் உணர்ந்து நடுங்கினார். பல மாதங்கள் இருளிலே தனித்துச் செல்ல அவரால் முடியவில்லை. இவ்வனுபவத்தைத் தம் நூலிலே வெளியிட்டபோது, அது பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியனுப்பியது என்றே குறித்தார். தம்முடையதே அது என்பதை அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவருக்குப் பின்னரே தெரிவித்தார்.

ஒரு தீர்மானம்

1870ஆம் ஆண்டு சித்திரை மாதத்தின் கடைசி நாட்களிலே அவர் ரெனூவியே என்னும் பிரெஞ்சுத் தத்துவ ஞானியின் கட்டுரை ஒன்றைப் படித்தார். பல எண்ணங்கள் எழக்கூடிய இடத்திலே, ஓர் எண்ணத்தை நாமே தெரிந்து பற்றி நிற்பதே சுதந்திர சித்தம் என்று அவ்வறிஞர் கூறியிருந்தார். இதனை மாயை என்று கொள்ள வேண்டிய கட்டாயம் யாது என ஜேம்ஸ் தம்மையே வினாவினார். மனிதன் சுதந்திரன் என்று நிறுவவும் முடியவில்லை. அல்லன் என்று நிறுவவும் முடியவில்லை. நிறுவமுடியாத இடத்திலே தாமே ஒரு முடிவைத் தெரிந்துகொள்ளலாம் அன்றோ? சுதந்திரம் உண்டு என்று நம்புவதையே தம் சுதந்திரத்தின் முதற் செயலாகக் கொள்வதென அவர் தம் நாட்குறிப்பிலே எழுதி வைத்தார்.

இதனைப் படிப்போர் அன்றோடு அவருடைய துன்பம் தீர்ந்தது என்று எண்ணலாகாது. சோர்வு வாழ்நாள் முழுவதும் இடையிடையே வந்து போனது. ஒரு தீர்மானத்தினால் மட்டும் அவர் தேறினார் என்பதும் முழு உண்மையன்று. தொழில் வந்தது, நண்பர் வந்தனர், பின்னர் அன்புடைய மனைவி வந்தார். மனநோய்க்கு வைத்தியம் உண்டு என்பதை இன்று நாம் அறிவோம். அதனை நாடுவதில் வெட்கமும் இல்லை. எனினும், எழுந்து நிற்பதற்கு முதலிலே ஒரு கால் ஊன்றும் இடம் வேண்டும். அவருக்கு அத்தீர்மானம் அவ்விடமாக அமைந்தது.

ஆசிரியர் ஜேம்ஸ்

1872ஆம் ஆண்டில், அவருடைய பழைய இரசாயன ஆசிரியரும் அப்போது ஹாவார்ட்டின் தலைவருமாகிய எலியட் என்பார் உடற்றொழிலியல் கற்பிக்குமாறு அவரை அழைத்தார். அவ்வழைப்பே அவருக்குச் சிறந்த மருந்தாயிற்று. 1875ஆம் ஆண்டிலே உளநூலை உடற்றொழிலியலோடு சேர்த்துக் கற்பிக்கும் வகுப்பை ஆரம்பித்தார். சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றையும் அமைத்தார். அமெரிக்க நாட்டிலே புதிய உளநூற் கல்வி இவ்வாறு தொடங்கியது. 1878இல் அலிஸ் கிபன்ஸ் என்னும் ஆசிரியையை மணந்தார். அதே ஆண்டிலே ஓர் உளநூற் பாடப்புத்தகம் எழுதித் தருவதாக வெளியீட்டாளருக்கு வாக்களித்தார். இரண்டாண்டிலே முடியும் என்று எண்ணிய நூல் பன்னிரண்டு ஆண்டுகளை விழுங்கியது. இடையிலே 1882இல் தாயும் தந்தையும் இறந்தனர். 1885இல் ஒரு குழந்தை குக்கல் நோயால் இறந்தது.

1890இல் இரண்டு பாகங்களாய், ஏறக்குறைய 1,400 பக்கங்களோடு அந்நூல் வெளிவந்தது. 'உளநூற் கோட்பாடுகள்' என்பது அதன் பொருள். எண்ணங்கள் மணிகளைக் கோத்தாற்போலத் தனித்தனியே நிற்பனவல்ல, இடையறாது ஓடும் நீரோட்டம் போன்றவை என்று அதிலே காட்டினார். அழுகின்றமையால் துயருறுகின்றோம், நடுங்குகின்றமையால் அஞ்சுகின்றோம் என்னும் புதுமையான கருத்தையும் விரித்தார். டென்மார்க் அறிஞர் லாங்கே என்பாரும் அதே காலத்தில் இதனையொத்த முடிபுக்கு வந்தார். 1927இல் வோல்டர் கனன் என்னும் ஹாவார்ட் அறிஞர் இக்கொள்கைக்குப் பல தடைகளை எழுப்பினார். இன்றும் அவ்வாதம் முற்றாக ஓயவில்லை.

இளைஞருக்குப் பெரிதும் பயன்படுவது பழக்கத்தைப் பற்றி அவர் எழுதிய அதிகாரமாகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர் நம் முன்னோர். கிணற்றுக் கட்டிலே கயிறு தேய்த்த தடத்தில் மறுமுறையும் கயிறு தானே சென்று விழுவதுபோல, ஒருமுறை செய்த செயல் மூளையிலே தடம் பதித்து, அடுத்த முறை எளிதாகின்றது. ஆதலின் நல்ல பழக்கத்தை உறுதியோடு தொடங்குக. அது வேரூன்றும் வரை ஒருமுறையேனும் தவற விடாதே. நல்லெண்ணம் எழுந்த முதற் சந்தர்ப்பத்திலேயே அதனைச் செயலாக்குக என்பன அவர் தந்த விதிகள். பயிற்சியினால் மூளையின் அமைப்பு மாறுவதை இன்றைய நரம்பியல் அறிஞர் பல பரிசோதனைகளாற் கண்டுள்ளனர். தம்மை நடுங்கச் செய்த அதே நரம்பு மண்டலத்தை நண்பனாக்கும் வழியை ஜேம்ஸ் கண்டார் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

அவருடைய பண்பிற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1890இல் மேரி கல்கின்ஸ் என்னும் பெண்மணி அவரிடம் கற்க வந்தார். அக்காலத்திலே ஹாவார்ட் பெண்களை மாணவராய் ஏற்பதில்லை. ஜேம்ஸ் அவருக்காக வாதாடி வகுப்பிலே இடமளித்தார். ஏனைய மாணவர் விலகிக்கொள்ள, அவ்வொருவருக்கே பாடம் நடந்தது. கலாநிதிப் பட்டத்திற்குரிய யாவற்றையும் அவர் நிறைவேற்றிய பின்னரும் சர்வகலாசாலை பெண் என்ற காரணத்தால் பட்டம் வழங்க மறுத்தது. ஆயினும் 1905இல் அமெரிக்க உளநூற் சங்கத்தின் முதற் பெண் தலைவராக அவர் தெரிவு செய்யப்பட்டார். நீக்ரோ மக்களின் விடுதலைக்கு உழைத்த டுபொய்ஸ் என்பாரும் ஜேம்சின் மாணவரே.

நம்பிக்கையும் சான்றும்

போதிய சான்றின்றி எதனையும் நம்புதல் பாவம் என்று ஆங்கிலக் கணித அறிஞர் கிளிபர்ட் என்பார் எழுதியிருந்தார். 1896இல் நிகழ்த்திய ஒரு பிரசங்கத்திலே ஜேம்ஸ் இதனை மறுத்தார். எதனையும் எவனும் நம்பலாம் என்று அவர் கூறவில்லை. சான்று கிடைக்குமிடத்திலே சான்றையே பின்பற்ற வேண்டும். ஆனால் சான்றினால் முடிவு செய்ய இயலாததும், ஒதுங்கி நிற்க இடந்தராததும், வாழ்வையே மாற்றவல்லதுமாகிய வினாக்கள் சில உண்டு. அங்கே நெஞ்சம் துணியலாம் என்பதே அவர் கொள்கை. கேணிக்கரையிலே நிற்கும் சிறுவன், தண்ணீர் தன்னைத் தாங்கும் என்பதற்குக் கரையிலேயே சான்று கேட்டால் நீந்தப் பழகுவது எந்நாள்? முதலில் இறங்குபவனுக்கே சான்று கிடைக்கின்றது.

இக்கொள்கைக்குக் கண்டனமும் எழுந்தது. விரும்பியதை உண்மையென்று கொள்வதற்கு இது வழி வகுக்கும் என்று பேட்றண்ட் றசல் போன்றோர் இடித்துரைத்தனர். இக்கண்டனம் புறக்கணிக்கத் தக்கதன்று. மூடநம்பிக்கையும் தன்னை இவ்வாறே நியாயப்படுத்தக்கூடும். ஆகவே ஜேம்ஸ் இட்ட வரம்புகளை விட்டுவிட்டு அவருடைய முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது அவருக்கும் உண்மைக்கும் இழைக்கும் அநீதியாகும்.

சமய அனுபவ ஆராய்ச்சி

1898ஆம் ஆண்டிலே மலையேறியபோது அளவுக்கு மிஞ்சி வருந்தியதால் அவருடைய இருதயம் பழுதுற்றது. ஸ்கொத்லாந்திலுள்ள எடின்பரோ சர்வகலாசாலையிலே சமயத்தைப் பற்றி இருபது பிரசங்கங்கள் செய்வதற்கு அவர் உடன்பட்டிருந்தார். நோயினால் அவை பிற்போடப்பட்டு, 1901இலும் 1902இலும் நிகழ்ந்தன. அவற்றின் தொகுப்பே 'சமய அனுபவத்தின் வகைகள்' என்னும் பொருள்படும் நூல்.

கோயிலையும் குருமாரையும் சித்தாந்தங்களையும் அவர் அங்கே ஆராயவில்லை. தனி மனிதன் தனிமையிலே உணர்ந்ததையே ஆராய்ந்தார். தோல்ஸ்தோய், பனியன், புனித தெரேசா, இசுலாமிய ஞானி கஸ்ஸாலி முதலியோர் எழுத்துக்களை எடுத்து ஒப்பிட்டார். பிறவியிலேயே மகிழ்வுடைய உள்ளம் ஒருவகை. துன்பத்திலே மூழ்கி, இறந்து பிறந்தாற்போல எழும் உள்ளம் மற்றொருவகை என்று பிரித்தார். ஞானியர் கண்ட காட்சிகளை நரம்புக் கோளாறு என்று தள்ளிய வைத்தியரை நோக்கி, மரத்தின் வேரைக் காட்டிக் கனியை இகழலாகாது என்னும் கருத்துப்பட வாதித்தார். வேர் நரம்பில் இருக்கலாம். விஞ்ஞானியின் எண்ணத்திற்கும் வேர் நரம்பிலேதான் உண்டு. கனி வாழ்வைச் சிறக்கச் செய்கின்றதா என்பதே உரைகல். தமக்கு அத்தகைய ஞானக் காட்சிகள் கிட்டவில்லை என்பதையும் அவர் ஒளிக்காது கூறினார்.

நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியொன்று இங்குண்டு. 1896ஆம் ஆண்டு பங்குனியில் சுவாமி விவேகானந்தர் ஹாவார்ட்டிலே வேதாந்தத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஜேம்ஸ் அவரோடு பழகி, அவருடைய இராஜயோக நூலைத் தம் பிரசங்கங்களிலே எடுத்தாண்டார். அடுத்த ஆண்டு தை மாதத்திலேயே சுவாமிகள் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்திற்கும் வந்தார் என்பதை நம் முதியோர் அறிவர். ஆயினும் ஜேம்ஸ் வேதாந்தியாகிவிடவில்லை. எல்லாம் ஒன்றே என்னும் கொள்கை மனத்திற்குப் பேரமைதி தருவதை 1907இல் வெளியான தம் நூலிலே ஒப்புக்கொண்டு, தாம் பன்மைக் கொள்கையையே தெரிந்தார். உலகின் ஈடேற்றம் முன்னரே முடிந்த காரியமன்று, நடவாத காரியமுமன்று, நம் முயற்சியும் அதிலே ஒரு பங்கு என்பது அவர் கருத்து. ஆன்மாக்கள் பல என்னும் சைவசித்தாந்தத்தோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆனால் ஜேம்ஸ் எண்ணிய இறைவன் எல்லாம் வல்லவன் அல்லன்; ஆதலின் இரண்டையும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது.

கடைசி ஆண்டுகள்

1898ஆம் ஆண்டுப் போரின் பின் அமெரிக்கா பிலிப்பைன் தீவுகளைக் கைப்பற்றியபோது, தம் நாட்டின் செயலை அவர் பத்திரிகைகளிலே வன்மையாகக் கண்டித்தார். போர் இளைஞரிடத்து எழுப்பும் தியாகத்தையும் கட்டுப்பாட்டையும் பொதுப்பணியினால் எழுப்ப முடியாதா என்று 1910இல் வெளியான கட்டுரையிலே வினாவினார்.

1909இல் பிராய்ட் அமெரிக்காவுக்கு வந்தபோது இருவரும் சந்தித்தனர். உலாவிக்கொண்டிருக்கையில் ஜேம்சுக்கு நெஞ்சுவலி கண்டது. கையிலிருந்த பையைப் பிராய்டிடம் கொடுத்து, முன்னே செல்லுமாறும், வலி தணிந்தபின் தாம் வந்து சேர்வதாகவும் கூறினாராம். மரணத்தின் முன் அவ்வாறு கலங்காதிருக்கத் தமக்கும் வாய்க்கவேண்டும் என்று பிராய்ட் பின்னர் எழுதினார். மாலை இருளிலே ஓர் அறைக்குள் நுழைய அஞ்சிய இளைஞர், நாற்பது ஆண்டுகளின் பின் மரணத்தை இவ்வாறு எதிர்கொண்டார். 1910ஆம் ஆண்டு ஆவணி மாதம் 26ஆம் நாள், நியூஹாம்சயர் மாகாணத்திலுள்ள தம் கிராமத்து வீட்டிலே, மனைவியார் அருகிருக்க, அறுபத்தெட்டாம் வயதிலே அவர் உயிர் நீத்தார்.

இறந்த பின்னும் அவர் பணி ஓயவில்லை. 1934இல் குடிநோயால் வைத்தியசாலையிற் கிடந்த பில் வில்சன் என்பவரின் கையிலே அவருடைய சமய நூல் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வில்சனும் நண்பரும் தொடங்கிய குடிநோயாளர் சங்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

இளைஞர்காள்! ஜேம்ஸ் நமக்கு ஒரு மதத்தைத் தந்தவரல்லர். முடிந்த முடிபாக ஒரு தத்துவத்தைத் தந்தவருமல்லர். விஞ்ஞானத்திற்கு அஞ்சிச் சமயத்தை ஒளித்து வைக்கவும் வேண்டாம், சமயத்திற்கு அஞ்சி விஞ்ஞானத்தை வெறுக்கவும் வேண்டாம் என்பதை அவருடைய வாழ்வு காட்டுகின்றது. நம் தோழருள் எவரேனும் மனச்சோர்விலே வீழ்ந்திருப்பாராயின், அவரைக் கோழையென்று இகழாது அருகே சென்று அமர்வோம். வேண்டிய உதவியைத் தேடிக் கொடுப்போம். பெற்றோரும் பெரியோரும், தொழில் தெரியாது திகைக்கும் பிள்ளைகளிடம் சற்றுப் பொறுமை காட்டுவாராக. முப்பது வயது வரை ஒன்றிலும் நிலையாதிருந்த ஒருவரே உலகம் போற்றும் பேராசானாய் உயர்ந்தார் அன்றோ?